“பொயின்ட் இருந்ததைச் சொல்லவில்லை” என்று கார் இன்சூரன்ஸ் கம்பனி கைவிரித்தால்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடிதம் நான்கு பக்கம். முதல் பக்கத்தின் நடுவில் இருந்த செய்தி இதுதான்: லைசென்ஸில் பொயின்ட் (போக்குவரத்துக் குற்றத்துக்காகப் பதியும் தண்டப் புள்ளி) இருந்ததை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே உங்கள் பொலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லாது, விபத்துக்கு நாங்கள் ஒன்றும் தரமாட்டோம். அதைக் கொண்டுவந்த தம்பியின் கார் கராஜில் நொறுங்கிக் கிடந்தது. சாவியை மட்டும் விரலில் சுழற்றிக்கொண்டு என் முன்னால் இருந்தார்.

“நான் கோர்ட்டுக்கே போகேல்லையே அக்கா. ஸ்பீட் கமராவில பிடிச்சாங்கள், நூறு பவுண் கட்டினன். அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிச் சமூக மண்டபத்தில் ஆக்களுக்குப் படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் உதவுகிறேன். இதே கதையை வேறு வேறு வாயிலிருந்து பலமுறை கேட்டுவிட்டேன். வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள், கஷ்டப்பட்டு ஒரு கார் வாங்கியவர்கள். அவர்களில் பலர் அந்தக் கடிதத்தை இறுதித் தீர்ப்பு என்று நம்பிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தீர்ப்பு அல்ல, கம்பனியின் நிலைப்பாடு. அதை மறுத்து எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. எப்படி எழுதுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கடிதம் வந்த அன்றே செய்யவேண்டியவை

முதலில் அந்தக் காரை எடுக்காதீர்கள். கடிதத்துக்குப் பிறகு ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகிவிடும். பொலிஸ் பிடித்தால் வழக்கமாக 300 பவுண் தண்டமும் 6 பொயின்ட்டும் கிடைக்கும், காரையும் இழுத்துக்கொண்டு போகலாம். இங்கே டெஸ்ட் பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 பொயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் அதற்கு இன்சூரன்ஸ் இருக்கவேண்டும், இல்லையென்றால் வீதியில் ஓடவில்லை என்று டி.வி.எல்.ஏ-வுக்கு (லைசென்ஸையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் அரச நிறுவனம்) அறிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பைத்தான் ‘சோர்ன்’ என்கிறார்கள். அறிவித்த பிறகு காரைத் தெருவில் நிறுத்தக்கூடாது, தனியார் நிலத்தில்தான் நிறுத்தலாம்.

அடுத்து, கடிதம் எந்த வகை என்று பாருங்கள். ‘கான்சல்’ என்றால் இன்றிலிருந்து பொலிசி இல்லை. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பொலிசி இருந்தது. ‘வொய்ட்’ என்றோ ‘அவொய்ட்’ என்றோ இருந்தால் பொலிசி ஒருநாளும் இருக்கவில்லை என்று சொல்கிறார்கள். இது மிகப் பாரதூரமானது. மூன்றாவது வகை, பணத்தில் ஒரு பகுதியை மட்டும் தருவோம் என்பது. எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

போனில் கோபப்பட்டுக் கதைக்கவேண்டாம். அதைவிட முக்கியம், “ஓம், தெரிஞ்சுதான் விட்டனான்” என்பதுபோல ஒரு சொல்கூட வாயிலிருந்து வரக்கூடாது. பயத்தில் சிலர், கதையை முடித்தால் போதுமென்று எதற்கும் தலையாட்டிவிடுகிறார்கள். அழைப்புகள் பதிவாகின்றன. உண்மையைச் சொல்லுங்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை எழுத்தில் தருவதாகச் சொல்லிவிட்டு வையுங்கள்.

கம்பனி கேட்ட கேள்வி என்ன?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

முன்பெல்லாம் இங்கே இன்சூரன்ஸ் எடுப்பவர், கம்பனி கேட்காவிட்டாலும் முக்கியமான எல்லாவற்றையும் தானாகவே சொல்லவேண்டும் என்பது சட்டம். 1906 இல் கப்பல் காப்புறுதிக்காக எழுதிய சட்டத்திலிருந்து வந்த கடமை அது. சாதாரண மக்களுக்கு அது நியாயமில்லை என்று 2012 இல் நுகர்வோர் காப்புறுதிக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2013 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்கள் கடமை ஒன்றுதான்: கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொல்வது. கேட்காத விஷயத்தை நீங்களாகப் போய்ச் சொல்லவில்லை என்பது இப்போது குற்றம் அல்ல.

ஆனால் கம்பனிகளின் கடிதங்களில் இன்னும் “நீங்கள் வெளிப்படுத்தவில்லை” என்ற பாணியில்தான் எழுதுகிறார்கள். அந்த வரியைப் பார்த்ததும் திருப்பிக் கேளுங்கள்: நான் பொலிசி எடுத்த நாளில், என் திரையில், எந்தச் சொற்களில் அந்தக் கேள்வி இருந்தது? நான் எந்தப் பதிலைத் தெரிவு செய்தேன்?

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு சொல்லில் எல்லாம் மாறும். “ஐந்து வருடத்துக்குள் உங்களுக்கு மோட்டார் குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா” என்று மட்டும் கேட்டிருந்தால், தபாலில் வந்த தண்டத்தைக் கட்டியவர் கோர்ட்டுத் தீர்ப்பைத்தான் கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொள்வது இயல்பு. “தீர்ப்பு, தண்டச் சீட்டு, பொயின்ட் எது இருந்தாலும்” என்று கேட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது. கேள்வி எவ்வளவு தெளிவாக, குறிப்பாக இருந்தது என்பதைப் பார்க்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அந்தக் கேள்வியை எப்படி எடுப்பது? விலை ஒப்பிடும் இணையத்தளம் வழியாக எடுத்திருந்தால் கேள்வி கேட்டது அந்தத் தளம். உங்கள் கணக்கில் போய்ப் பாருங்கள், பழைய விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அப்புறம் கம்பனி அனுப்பிய பொலிசி ஆவணங்களில் ‘ஸ்டேட்மென்ட் ஒஃப் ஃபாக்ட்’ என்ற தாளைத் தேடுங்கள். உங்கள் பெயர், தொழில், விலாசம், லைசென்ஸ் வகை, குற்றங்கள் எல்லாம் வரிவரியாக இருக்கும். தம்பியின் தாளில் குற்றங்கள் என்ற வரிக்கு நேரே “இல்லை” என்று இருந்தது. ஈமெயிலில் வந்து பத்து மாதமாகத் திறக்காமலே கிடந்த தாள் அது.

கம்பனி தர இழுத்தடித்தால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தரவுகள் முழுவதையும் தரும்படி எழுதிக் கேளுங்கள். போன் பதிவுகளும் அதில் அடங்கும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், காசு கேட்க முடியாது.

பொலிசியைப் புதுப்பிக்கும்போதும் இதே விதிதான். “கீழே உள்ள விபரங்கள் சரிதானா என்று பார்த்து, மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்” என்று கடிதம் வந்து, இடையில் பொயின்ட் விழுந்தும் நீங்கள் பேசாமல் இருந்திருந்தால், அதையும் தவறான தகவல் என்று எடுத்துக்கொள்ள முடியும். தானாகப் புதுப்பிக்கும் பொலிசியில் மாட்டுப்படுவது இப்படித்தான்.

மினிகாப், பார்சல் டெலிவரி போன்ற தொழிலுக்காக எடுத்த பொலிசிக்கு இந்த 2012 சட்டம் பொருந்தாது. அதற்கு 2015 ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம். அதில் கேட்காததையும் நீங்களாகச் சொல்லவேண்டிய கடமை இன்னும் இருக்கிறது. தொழில் ஓட்டுநர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

உங்கள் லைசென்ஸ் பதிவை நீங்களே பாருங்கள்

டி.வி.எல்.ஏ இணையத்தளத்தில் உங்கள் லைசென்ஸ் இலக்கம், நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், தபால் குறியீடு மூன்றையும் கொடுத்தால் பதிவு திரையில் வரும். இலவசம். குற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. எஸ்.பி 30 என்றால் சாதாரண வீதியில் வேகம் மீறியது. 100 பவுணும் 3 பொயின்ட்டும். சி.யு 80 என்றால் பெரும்பாலும் ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருந்தது. 200 பவுண், 6 பொயின்ட். ஐ.என் 10 இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. இந்தக் குறியீடும் திகதியும்தான் கம்பனிக்கு வேண்டியவை. உங்கள் லைசென்ஸ் இலக்கத்தைக் கொடுத்தால் அவர்களாலேயே பதிவைப் பார்க்க முடியும், ஆகவே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது. எஸ்.பி 30 லைசென்ஸ் பதிவில் 4 வருடம்தான் இருக்கும். கம்பனிகள் வழக்கமாகக் கேட்பதோ 5 வருடம். நாலரை வருடத்துக்கு முந்திய பொயின்ட் டி.வி.எல்.ஏ திரையில் தெரியாது. “என் லைசென்ஸ் சுத்தம்” என்று நம்பி “இல்லை” என்று போடுவீர்கள். அந்தப் பதில் பிழை. பழைய தண்டக் கடிதங்களை எறியாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களுக்கு லைசென்ஸில் பதிந்த குற்றம் 5 வருடத்தில் சட்டப்படி கழிந்துவிடும், தண்டனை அதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால். கழிந்ததைக் கம்பனி கேட்டாலும் சொல்லவேண்டியதில்லை, 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் லைசென்ஸில் 11 வருடம் கிடக்கும், ஆனால் கழியும் கணக்கு அது அல்ல.

வேகம் மீறியதற்குப் பொயின்ட்டுக்குப் பதிலாக ஸ்பீட் அவெயர்னஸ் என்ற வகுப்புக்குப் போனவர்களுக்கு: அது குற்றத் தீர்ப்பும் அல்ல, பொயின்ட்டும் இல்லை. குற்றம், பொயின்ட் பற்றி மட்டும் கேட்டால் இல்லை என்பது சரியான பதில். சில கம்பனிகள் வகுப்பைப் பற்றித் தனியாகக் கேட்கும். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

கவனக்குறைவா, வேண்டுமென்றா?

பதில் பிழைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதை முடியவில்லை. கவனமாகத்தான் பதில் சொன்னீர்கள், கேள்விதான் குழப்பம் என்றால் கம்பனி ஒன்றும் செய்ய முடியாது. கவனம் போதாது என்றால் அது கவனக்குறைவு. தெரிந்து பொய் சொன்னீர்கள், அல்லது சரியோ பிழையோ எனக்கென்ன என்று போட்டீர்கள் என்றால் அது வேண்டுமென்று செய்தது. இந்தக் கடைசி வகைக்குத்தான் பொலிசியை அடியோடு இல்லாமல் ஆக்கி, எல்லாக் கோரிக்கையையும் மறுத்து, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ள முடியும். அதை நிரூபிக்கவேண்டியது கம்பனி, நீங்கள் அல்ல. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தால், அது முக்கியமான விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏன் அப்படிப் பதில் போட்டீர்கள் என்பதை நீங்கள் விளக்கத்தான் வேண்டும்.

கவனக்குறைவு என்றால் கணக்கு வேறு. உண்மை தெரிந்திருந்தால் கம்பனி என்ன செய்திருக்கும் என்று பார்க்கவேண்டும். பொலிசியே தந்திருக்காது என்றால் கோரிக்கையை மறுக்கலாம், ஆனால் பிரீமியத்தைத் திருப்பித் தரவேண்டும். கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால், கட்டிய விகிதத்துக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம். உதாரணமாக நீங்கள் கட்டியது 600 பவுண், பொயின்ட்டோடு கட்டியிருக்கவேண்டியது 720 என்றால், 6,000 பவுண் இழப்புக்கு 5,000 வரவேண்டும். எந்த மாற்றமும் செய்திருக்காது என்றால் முழுத்தொகையும் தரவேண்டும். ஒரேயொரு எஸ்.பி 30-க்கு விலையை ஏற்றாத கம்பனிகளும் இருக்கின்றன.

ஆகவே இரண்டாவது கேள்வி இது: அந்தப் பொயின்ட் தெரிந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பீர்கள்? அதற்கான ஆதாரத்தைக் காட்டுங்கள். “எங்கள் கொள்கைப்படி” என்ற ஒற்றை வரி ஆதாரம் ஆகாது.

தம்பிக்கு நடந்தது இதுதான். அவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது ஒன்றாக இருந்த ஒரு நண்பர். கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் தண்டச் சீட்டையும் சேர்த்துச் சொல்லும்படி இருந்தது. நண்பர் வாசிக்கவில்லை, தம்பியிடம் கேட்கவும் இல்லை. கவனமாகச் செய்தோம் என்று வாதாட எங்களால் முடியவில்லை. ஆனால் வேண்டுமென்று மறைக்கவில்லை என்று எழுதினோம். தண்டத்தை உடனே கட்டிய ரசீதை வைத்தோம், அந்தக் கம்பனி மூன்று பொயின்ட்டோடு எவ்வளவு கேட்டிருக்கும் என்ற கணக்கைக் கேட்டோம். ஆறாவது வாரம் பதில் வந்தது: கவனக்குறைவு என்று ஏற்றுக்கொள்கிறோம், விகிதப்படி தருகிறோம். முழுக் காசு கிடைக்கவில்லைத்தான். ஆனால் பொலிசி வொய்ட் ஆனது என்ற பதிவு அழிந்தது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

எதிர்த் தரப்பு வாகனத்துக்குச் சேதம், ஆளுக்குக் காயம் என்றால் அந்த மனிதர் நடுத்தெருவில் நிற்கமாட்டார். 2019 நவம்பர் முதல், விபத்துக்குப் பிறகு பொலிசியை வொய்ட் செய்து அந்தப் பொறுப்பிலிருந்து கம்பனி தப்ப முடியாது. ஆனால் அவருக்குக் கொடுத்ததை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் மேசை லாச்சிக்குள் போடாதீர்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கோ வழக்கறிஞரிடமோ உடனே கொண்டுபோங்கள்.

முறைப்பாடு எழுதுவது

கம்பனிக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். ‘கம்ப்ளெய்ன்ட்’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். பொலிசி இலக்கம், கடிதத்தின் திகதி, எந்த முடிவை ஏற்கவில்லை, மேலே சொன்ன இரண்டு கேள்விகள், எப்படித் தவறு நடந்தது என்ற நேர்மையான விளக்கம், என்ன வேண்டும் என்பது. ஒரு பக்கம் போதும். இங்கிலீஷ் கஷ்டம் என்றால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கம்பனிக்கு 8 வாரம் அவகாசம். இறுதிப் பதில் வந்து உங்களுக்குத் திருப்தி இல்லையென்றாலோ, 8 வாரம் கடந்தும் பதில் இல்லையென்றாலோ இப்படிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்சியல் ஒம்பட்ஸ்மன் சேர்விஸுக்குப் போகலாம். இறுதிப் பதிலின் திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சேவை இலவசம், போன் 0800 023 4567. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், உங்கள் சார்பில் ஒரு உறவினரோ நண்பரோ பேசவும் அனுமதி கொடுக்கலாம். முதலில் ஒரு விசாரணையாளர் பார்ப்பார். யாராவது ஏற்காவிட்டால் ஒம்பட்ஸ்மன் முடிவு செய்வார். அந்த முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பனி அதற்குக் கட்டுப்படவேண்டும். “வென்று தருகிறோம், பங்கு தாருங்கள்” என்று வருபவர்கள் தேவையில்லை.

பொயின்ட் மட்டும் அல்ல

புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டுப்படும் விபரங்கள் வேறும் உண்டு. இலங்கை, இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை இங்கத்தைய லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியாது, டெஸ்ட் செய்யவேண்டும். அப்படியிருக்க விண்ணப்பத்தில் ‘முழு யு.கே லைசென்ஸ்’ என்று தட்டிவிடுகிறார்கள். ஊரில் பத்து வருடம் ஓட்டியதையும் இங்கத்தைய லைசென்ஸ் கிடைத்த காலத்தையும் ஒன்றாக்குவதும் பிழை. எந்த லைசென்ஸ், எவ்வளவு காலம் என்று தனித்தனியே கேட்பார்கள்.

மகன் ஓட்டும் காருக்கு அப்பாவைப் பிரதான ஓட்டுநராகப் போடுவது எங்கள் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. குடும்பத்துக்குள் செய்யும் உதவியாக அதை நினைக்கிறோம். கம்பனிக்கு அது மோசடி, அதை வேண்டுமென்று செய்ததாகத்தான் எடுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த பொலிசியில் மாலையில் சாப்பாடு டெலிவரி செய்வதும் கூடாது, அதற்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குப் பொலிசி எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் போகவேண்டாம். விலையைக் குறைக்க விலாசம், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றிப்போட்டிருப்பார். எடுத்த பொலிசி உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவின் இணையத்தளத்தில் உங்கள் கார் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த பொலிசி எடுக்கும்போது

எவ்வளவு போராடியும் வொய்ட் பதிவு நின்றுவிட்டது என்றால், இனி எடுக்கும் ஒவ்வொரு பொலிசிக்கும் “உங்கள் இன்சூரன்ஸை யாராவது ரத்து செய்தார்களா, வொய்ட் செய்தார்களா” என்ற கேள்வி வரும். ஓம் என்று சொல்லுங்கள். விலை ஏறும், சில கம்பனிகள் தரவே மாட்டா. பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர்ஸ் அசோசியேஷன் மூலம், இப்படிப்பட்டவர்களுக்குப் பொலிசி தேடித்தரும் புரோக்கரைக் கண்டுபிடிக்கலாம். விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினாலும் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அந்தப் படங்களை உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி வையுங்கள்.